ஃபைனல் ஃபேன்டசி 14: பெயர் விதிகளும் கேம் மாஸ்டர்களும், ஹட்டனிலிருந்து ஒரு மதிப்பீடு

ஒன்லைன் விளையாட்டுகளை மதிப்பிடுபவர்கள் கிராபிக்ஸ், கதை, சண்டைமுறை ஆகியவற்றைப் பேசிவிட்டு நின்றுவிடுகிறார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்திலுள்ள ஹட்டனில் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கணினி கற்றுக்கொடுக்கும் எனக்கோ, ஒரு விளையாட்டின் குணம் பாத்திரத்துக்குப் பெயர் வைக்கும் திரையிலேயே பாதி தெரிந்துவிடுகிறது. எனவே ஸ்குவெயார் எனிக்ஸ் நிறுவனத்தின் ஃபைனல் ஃபேன்டசி 14 விளையாட்டை, அதன் பெயர் விதிகளையும் அவற்றை நடைமுறைப்படுத்தும் முறையையும் மட்டும் வைத்து இங்கே எடைபோடுகிறேன். 2013 இல் புதுப்பித்து வெளியிடப்பட்ட இந்த விளையாட்டை, 2023 ஒக்டோபர் முதல் 70 ஆம் நிலை வரை காலவரையறை இல்லாமல் இலவசமாக ஆடலாம். மாதச் சந்தா கட்ட வழியில்லாத பிள்ளைகளும் இதன் பக்கம் வருவதற்கு அதுவே காரணம்.

விதி எளிமையானது. பாத்திரத்துக்கு முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு வேண்டும். ஒவ்வொன்றும் 2 முதல் 15 ஆங்கில எழுத்துகளுக்குள், இரண்டும் சேர்ந்து 20 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். எண்களுக்கு இடமில்லை. ஒரே முழுப்பெயர் ஒரே உலகத்தில், அதாவது ஒரே சேர்வரில், இருவருக்குக் கிடைக்காது. தமிழில் பெயரிட முடியாதது குறைதான் என்றாலும், விளையாட்டை உருவாக்கிய ஜப்பானியர்களும் தங்கள் பெயரை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டியிருப்பதால் இதில் பாரபட்சம் இருப்பதாகச் சொல்ல முடியாது.

சிக்கல் குடும்பப் பெயரில் தொடங்குகிறது. நம்மிடம் இருப்பது தகப்பனாரின் பெயரும் அதன் முதலெழுத்தும்தான். அந்த முதலெழுத்தை முன்னால் போட்டால் இரண்டெழுத்தாவது வேண்டும் என்று திரை மறுத்துவிடும். முழுப்பெயரைப் பின்னால் போட்டால் இடம் போதாது. சிவசுப்ரமணியம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் சரியாக 15 எழுத்துகள், மிச்சம் ஐந்து. தகப்பனார் ராமனாக இருந்தால் தப்பித்தோம், ராமையாவாக இருந்தால் ஏதாவதொன்றை வெட்ட வேண்டும். தோட்டத் தொழிலாளரின் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் கணக்கப்பிள்ளையின் காதுக்கு எட்டியபடி எழுதப்பட்ட பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் ஏறியதால் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு அலைந்த குடும்பங்கள் மலையகத்தில் ஏராளம். பெயரில் ஓரெழுத்து குறைவதை இங்குள்ளவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: வேர்ல்ட் ஒஃப் வோர்க்ராஃப்ட் விளையாட்டில் ஒரே சொல், அதிகபட்சம் 12 எழுத்துகள் என்பதால் அங்கே சிவசுப்ரமணியத்துக்கு நுழைவே இல்லை. அந்த வகையில் இது தாராளம்தான். எண்களைத் தடுத்திருப்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. பெயருக்குப் பின்னால் 007 ஒட்டிக்கொண்டு திரிபவர்களை இங்கே பார்க்க முடியாது.

எழுத்துக்கணக்கை விட முக்கியமானது, எந்தப் பெயர் தகாதது என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பது. தானியங்கி வடிகட்டியை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு, 1996 இல் இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் நகரவாசிகளுக்கு ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் கணக்குத் திறக்க முடியாமற்போன கதை இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது; ஊர்ப் பெயருக்கு நடுவில் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததுதான் ஊராரின் குற்றம். மனிதர் பார்த்தாலும் பிசகலாம். 2010 இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஃபோர்ட் கே (Fort Gay) என்ற ஊரின் பெயரைத் தன் விபரத்தில் எழுதிய இளைஞர், தன்பாலீர்ப்பாளரைக் குறிக்கும் சொல் அதில் இருந்ததால், மைக்ரோசொப்டின் ஒன்லைன் விளையாட்டுச் சேவையான எக்ஸ்பொக்ஸ் லைவ்விலிருந்து இடைநிறுத்தப்பட்டார். அப்படி ஓர் ஊர் உண்மையிலேயே இருப்பதை உணர்ந்த பிறகு மைக்ரோசொப்ட் மன்னிப்புக் கேட்டது.

இந்தக் கதைகள் நமக்குத் தூரமானவை அல்ல. என் வகுப்பில் ரக்ஷிதாவும் ஹர்ஷிதாவும் இருக்கிறார்கள். இப்போது தோட்டங்களிலும் நகரங்களிலும் பெண்பிள்ளைகளுக்கு விரும்பி வைக்கப்படும் பெயர்கள் இவை. ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவே நான்கெழுத்துக் கெட்ட வார்த்தை ஒன்று விழுகிறது. பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஆடும் வேறொரு விளையாட்டில் ரக்ஷிதா தன் பெயரைத் தட்டியதும் சிவப்பு வரி தோன்றி, பெயருக்குப் பதிலாக நட்சத்திரக் குறிகள் வந்து நின்றன. பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை. அதே விளையாட்டில், தோட்டத்து மக்களை இழிவுபடுத்தும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் பெயராக வைத்த ஒருவர் எந்தத் தடையுமின்றி உலாவினார். அந்தச் சொல்லை நம் மக்கள் மீது எறிபவர் எதற்காக எறிகிறார் என்பது மலையகத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். நான் முறைப்பாடு செய்தேன். எங்கள் விதிகள் எதுவும் மீறப்படவில்லை என்ற இயந்திரப் பதில் நிமிடங்களில் வந்துசேர்ந்தது. எந்த மனிதரும் அதை வாசித்திருக்க வாய்ப்பில்லை.

ஃபைனல் ஃபேன்டசி 14 இந்த இடத்தில்தான் மதிப்பைப் பெறுகிறது. விளையாட்டின் மெனுவிலேயே உதவிப் பிரிவு இருக்கிறது. யார் மீது முறைப்பாடு என்பதோடு காரணத்தையும் நம் சொற்களில் எழுதலாம். விசாரிப்பவர் கேம் மாஸ்டர் என்ற ஊழியர். விதியை மீறியவரிடம் பேச வேண்டுமானால், அவருடைய பாத்திரத்தை மோர்டியன் சிறை என்ற தனியிடத்துக்கு இழுத்துச் சென்று, அங்கே எதிரில் நின்று தட்டச்சில் பேசுவார்கள். பெயரை மாற்றச் சொல்வது முதல் எச்சரிக்கை, தற்காலிக இடைநிறுத்தம், நிரந்தரத் தடை வரை அவர்களால் போக முடியும். தண்டனைக் கொள்கையும் பகிரங்கமாகவே வெளியிடப்பட்டிருக்கிறது. தோட்டத் தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்துவதைப் போன்ற இந்த நாடகத்தன்மை சிலருக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் தவறு செய்தவருக்கு எதிரில் கேள்வி கேட்க ஒருவர் இருக்கிறார் என்பது வெறும் தானியங்கி மின்னஞ்சலை விடப் பல மடங்கு மேல்.

குறைகளும் உண்டு. ஜப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய நான்கு மொழிகளுக்கே ஆதரவு என்பதால், தமிழ் வசைச்சொல் ஒன்று ஏன் வசை என்பதை நாமே ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது சின்ன வேலையல்ல. முறைப்பாட்டின் முடிவைத் தெரிவிக்க மாட்டார்கள் என்பது அதைவிடப் பெரிய எரிச்சல். மற்றவர் பெற்ற தண்டனை அவருடைய தனிப்பட்ட விடயம் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவமதிக்கப்பட்டவருக்கு ஒரு வரியாவது எழுதக்கூடாதா?

கட்டணத்தையும் சொல்லியாக வேண்டும். நாமாக விரும்பிப் பெயரை மாற்ற 10 டொலர் கேட்கிறார்கள், ஏறத்தாழ 3,000 ரூபாய். 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் கொழுந்து பறித்தவருக்கு அது இரண்டு நாள் உழைப்புக்கும் மேலாக இருந்தது. மைன்கிராஃப்ட் விளையாட்டில் 30 நாட்களுக்கு ஒருமுறை பெயரை இலவசமாக மாற்றலாம். லீக் ஒஃப் லெஜென்ட்ஸ் 2023 நவம்பரில் பெயரோடு தனிக் குறியீடு ஒன்றையும் சேர்க்கும் முறைக்கு மாறியதால், ஒரே பெயரை ஆயிரம் பேர் வைத்துக்கொண்டாலும் அங்கே மோதல் இல்லை. ஸ்குவெயார் எனிக்ஸ் இந்த இரண்டில் ஒன்றையாவது பின்பற்றலாம்.

புதிதாகச் சேரும் பிள்ளைகள் பெயரைத் தாளில் எழுதி, எழுத்தை எண்ணிப் பார்த்த பிறகே திரையில் தட்டட்டும். தமிழ் வசைச்சொல்லைப் பெயராகக் கண்டால், பாத்திரத்தின் முழுப்பெயர், உலகத்தின் பெயர், பார்த்த நேரம் ஆகியவற்றோடு அந்தச் சொல் யாரை, எப்படி இழிவுபடுத்துகிறது என்பதையும் இரண்டு ஆங்கில வாக்கியங்களில் சேர்த்து அனுப்ப வேண்டும். என் வகுப்பில் அந்த இரண்டு வாக்கியங்களை எழுதி, கணினிகளுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.