குளிர்காலத்துக்குப் பூலை மூடுவது: வலைக் கவரோடு சில வருட அனுபவம்

எங்கள் வீடு டொராண்டோவுக்கு வடக்கே. பின்வளவில் வினைல் லைனர் (உட்புறம் முழுக்க விரிக்கிற பிளாஸ்டிக் உறை) போட்ட நீச்சல் பூல். முதலில் தார்ப்பாய் விரித்து, ஓரத்தில் தண்ணீர் நிரப்பிய பைகளை வைத்துத்தான் மூடிக்கொண்டிருந்தோம். அதை விட்டுவிட்டு, பூலைச் சுற்றியுள்ள கான்கிரீட்டில் பித்தளை ஆங்கர் (கவரைப் பிடிக்கிற திருகாணி) இறக்கி ஸ்பிரிங்கால் இழுத்துக் கட்டுகிற வலைக் கவருக்கு மாறிச் சில வருடங்கள் ஆகின்றன.

காசு கூடத்தான். ஆனால் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் யோசிக்கவே வேண்டாம், இதைத்தான் போடுங்கள். தார்ப்பாயின் மேல் மழையும் உருகிய பனியும் தேங்கி நிற்கும், அதில் ஒரு குழந்தை காலை வைத்தால் பாய் அப்படியே சுருட்டி உள்ளே இழுத்துவிடும். வலையில் தண்ணீர் தேங்காது, வடிந்து பூலுக்குள் போய்விடும்.

குறை என்னவென்றால், வெயிலும் பொடி மண்ணும் கூட அந்த வலை வழியே இறங்கும். அதனால் தாமதமாக மூடி சீக்கிரமாகத் திறக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியதும் செப்டம்பரிலேயே பலர் மூடிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை பாசி வளர்ந்துகொண்டுதான் இருக்கும், நாம் போட்ட குளோரினும் கவருக்குள்ளேயே தீர்ந்துபோகும். நான் அக்டோபர் இரண்டாம் திங்கள், தேங்க்ஸ்கிவிங் வரை பொறுப்பேன். மேப்பிள் இலை கொட்டுகிற நேரம், தினமும் அள்ள வேண்டியிருக்கும், பரவாயில்லை. வசந்தத்தில் ஏப்ரல் கடைசியிலேயே திறந்துவிடுகிறேன், தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது.

மூடுவதில் உயிரான வேலை, குழாய்களுக்குள் நிற்கிற தண்ணீரைக் காற்றால் ஊதி வெளியேற்றுவதுதான். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், மண்ணுக்கடியில் குழாய் வெடித்தால் கான்கிரீட்டை உடைத்துத்தான் பார்க்க வேண்டும். ஷாப்-வேக்கை (பட்டறைகளில் வைத்திருக்கிற பெரிய வேக்குவம் கிளீனர்) ஊதுகிற பக்கம் மாட்டிக் காற்றை விட்டால், வடிகட்டிய தண்ணீர் பூலுக்குத் திரும்பி வருகிற ரிட்டர்ன் துவாரத்தில் முதலில் தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும், அப்புறம் விட்டுவிட்டு இருமும், கடைசியில் குமிழி நிற்காமல் பொங்கும். காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே ரப்பர் பிளக்கைச் செருகித் திருகி இறுக்கிவிட வேண்டும், நிறுத்திவிட்டுப் போனால் தண்ணீர் திரும்ப ஏறிவிடும். அடியில் இருக்கிற வடிகாலுக்கு, குமிழி வந்ததும் வால்வை மூடினால் போதும், அடைபட்ட காற்றே தண்ணீரைத் தடுத்துக்கொள்ளும். மேல்மட்டத் தண்ணீரையும் இலைகளையும் இழுக்கிற ஸ்கிம்மருக்குள் ஒரு வெற்றுப் பிளாஸ்டிக் குழாயைத் திருகி வைப்பேன், பனிக்கட்டியின் அழுத்தத்தை அது வாங்கிக்கொள்ளும். குழாய்களில் தண்ணீர் உறையாமலிருக்க ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுவதாக இருந்தால் பூலுக்கென்றே வருகிற புரோப்பிலீன் கிளைகால்தான். காருக்கு ஊற்றுவதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைகால், அது விஷம்.

பம்ப், ஃபில்டர், ஹீட்டர் மூன்றிலும் வடிகால் பிளக்குகளைக் கழற்றி பம்பின் கூடைக்குள்ளேயே போட்டுவைத்தால் வசந்தத்தில் தேட வேண்டாம்.

பூலை முழுக்கக் காலி செய்யலாமா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளும், லைனர் சுருங்கும். அதோடு பனி குவியும்போது வலையைத் தாங்கிப் பிடிப்பதும் அடியில் உறைந்திருக்கிற அந்தத் தண்ணீர்தான். ஸ்கிம்மர் வாய்க்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினால் சரி.

கவரை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: திறக்கும் நாளில் ஆங்கரைத் தரைமட்டத்துக்குத் திருகி இறக்குமுன் சுற்றியுள்ள மணலைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள். மணல் மரைக்குள் போய்விட்டால் அடுத்த அக்டோபரில் அதை மேலே எடுக்கவே முடியாது.