களிம்பா, கறையா, களங்கமா?

மொழிபெயர்க்க வந்த ஓர் ஆங்கிலக் கதையில் ஒரு வரி. ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவரின் வெள்ளிப் பதக்கம் அலமாரியில் ‘டார்னிஷ்’ ஆகிக் கிடக்கிறது. அவர் பெயரும் அப்படித்தான். ஒரே வினைச்சொல்லில் இரண்டையும் முடித்துவிட்டார் எழுதியவர். அந்த ஒற்றைச் சொல்லுக்குத் தமிழில் ஈடு தேடி மூன்று நாள் போனது.

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. மூலப்பொருள் ‘மங்கச் செய்தல்’. சரி, ‘மங்கியது’ என்றே போட்டுவிடலாமே? வெள்ளியும் மங்கும், புகழும் மங்கும். ஆனால் மங்குவதில் பழி கிடையாது. பழைய நடிகரின் புகழ் மங்க அவர் ஒரு தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை. நம் சிப்பாய் தப்பு செய்தவர்.

அடுத்து களிம்பு. உலோகத்துக்கென்றே உள்ள சொல் என்பதால் முதலில் இதைத்தான் நம்பினேன். குத்துவிளக்கைக் கழற்றினால் தண்டின் மரையில் பச்சையாகப் படிந்திருக்குமே, அதுதான். செம்பு முதலில் பழுப்பாகும், பிறகு கறுக்கும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் பச்சை பிடிக்கும். பித்தளையில் இருப்பதும் பெரும்பாலும் செம்பு என்பதால் அதற்கும் இதே கதி. ஊறவைத்த புளியைக் கோதோடு எடுத்துச் செம்புத் தாம்பாளத்தில் ஒரு இழுப்பு இழுத்தால், விரல் போன தடத்தில் மட்டும் ரோஜா நிறம் தெரியும். புளியின் டார்டாரிக் அமிலம் அந்தப் படிவைக் கரைக்கிறது. பீதாம்பரி பொடி வேகமானது, கைக்கும் சுலபம். இருந்தாலும் மரை இடுக்குக்கு நான் புளிதான் போடுவேன். இதே அமிலக் குணத்தால்தான் பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்றார்கள்.

ஆனால் களிம்பு ஊர்ப்பேச்சில் பெயரைத் தொடவில்லை. நேரே உயிருக்குப் போய்விட்டது. சைவ சித்தாந்தத்தில் உயிரை மறைக்கும் அழுக்கான ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமை ‘செம்பில் களிம்பு’. இடையில் வந்து ஒட்டியது அல்ல, செம்பு உள்ள நாள்முதல் கூடவே உள்ளது என்பது அவர்கள் வாதம். வேதியியல்காரர் இதை ஒப்ப மாட்டார். அவருக்குக் களிம்பு வெளியிலிருந்து வருவது. போதாக்குறைக்கு, இன்று களிம்பு என்றால் மருந்துக்கடை நினைவுதான் வருகிறது. ‘அவர் பெயரில் களிம்பு படிந்தது’ என்று எழுதினால் தீக்காயத்துக்கு மருந்து தடவினார்கள் போலிருக்கிறது என்று வாசகர் நினைப்பார்.

துரு இன்னும் சீக்கிரம் தோற்றது. மூளை துருப்பிடிக்கும், கற்ற வித்தை துருப்பிடிக்கும், பெயர் துருப்பிடிக்காது. சும்மா கிடப்பதைத்தான் அந்தச் சொல் குத்திக்காட்டுகிறது. களிம்பும் துருவும் ஒன்றல்ல என்பதை நியூயார்க் சுதந்திர தேவி சிலையில் பார்க்கலாம். 1886இல் திறந்தபோது அது செம்பு நிறம். வெளியே ஏறிய பச்சை, 2.4 மில்லிமீட்டர்தான் கனமுள்ள அந்தத் தகட்டுக்கே கவசமாகிவிட்டது. உள்ளே தாங்கி நின்ற இரும்புப் பட்டைகளோ துருப்பிடித்து உப்பி, 1980களில் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. செம்பை மூடிக் காக்கிறது ஒன்று, இரும்பை உதிர்த்துத் தின்கிறது மற்றொன்று. (பச்சை எல்லாமே நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குளோரைடு புகுந்த வெண்கலம் வெளிர்பச்சைத் தூளாக உதிரும்; சிலைகளுக்கு வரும் இதுபோன்ற கோளாறுகளைக் கவனிக்க எழும்பூர் அருங்காட்சியகம் 1930லேயே ஒரு வேதியியல் ஆய்வகம் வைத்தது.)

கதையில் இருப்பதோ வெள்ளி. வெள்ளி களிம்பேறாது, கறுக்கும். காற்றில் துளியூண்டு இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு போதும், மேலே வெள்ளி சல்ஃபைடு கட்டிவிடும். முட்டை தின்ற வெள்ளிக் கரண்டி கறுப்பதும் கந்தகத்தால்தான். விபூதி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் கறுப்போடு கொஞ்சம் வெள்ளியும் துணிக்குப் போகும். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து, அலுமினியத் தாளில் படும்படி போட்டுவைத்தால் அந்த நஷ்டம் இல்லை. கந்தகம் கழன்று அழுகிய முட்டை நாற்றமாகப் போகும், வெள்ளி நின்றுவிடும். கொலுசுக்கு இதுவே மேல். நகாசு வேலையின் பள்ளங்களில் கறுப்பு வேண்டும் என்பவர்கள் மட்டும் தவிர்க்கலாம், அதையும் சேர்த்து வெளுத்துவிடும்.

காற்றின் அழுக்கால் வருவது என்பதால் ‘மாசு’ வேதியியல்படி சரியான சொல். ‘மனத்துக்கண் மாசிலன் ஆதல்’ என்ற குறளின் பலமும் அதற்கு உண்டு. ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்தச் சொல்லைக் குத்தகைக்கு எடுத்து வெகுநாளாகிறது.

பெயருக்கென்றால் யாரும் யோசிக்காமல் சொல்வது களங்கம். இது பாத்திரத்திலிருந்து வந்த சொல் அல்ல, நிலாவின் கறுப்புக்கு வழங்குவது. நற்குடியில் பிறந்தவரின் குற்றம் ‘மதிக்கண் மறுப்போல்’ உயர்ந்து தெரியும் என்கிறது 957ஆம் குறள். அங்கே ‘மறு’, இங்கே ‘களங்கம்’, நிலா ஒன்றுதான். உயரத்தில் இருப்பவனுக்குத்தான் களங்கம் என்பது இதில் அடங்கியிருக்கிறது. சிப்பாய்க்குக் கச்சிதம். பதக்கத்துக்கு ஒட்டவே ஒட்டாது. ‘வெள்ளியில் களங்கம்’ என்றால் கலப்படம் என்று படிப்பார்கள்.

‘பல்லிளித்தது’ என்று ஒரு யோசனையும் வந்தது. காரணம், என் கைங்கரியம். வெள்ளி என்று நம்பி வாங்கிய குங்குமச் சிமிழை ஒரு பண்டிகைக்கு முன்னால் வெறியோடு தேய்த்தேன். மூடியின் விளிம்பில் செம்பு எட்டிப் பார்த்தது. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, “பல்லிளிச்சிருச்சு, இனி தேய்க்காதே” என்று திருப்பிக் கொடுத்தார். முலாம் போனதற்கும் வேஷம் கலைந்ததற்கும் ஒரே சொல். ஆனால் இதில் அடியில் இருப்பதே மட்டம். சிப்பாயின் பதக்கம் அசல் வெள்ளி, அவரும் ஒருகாலத்தில் அசல் வீரர். அவரைப் பல்லிளித்தார் என்பது அநியாயம்.

மிஞ்சியது கறை. ‘கறைபடியாத கரம்’ என்று மேடைகளில் தேய்ந்து நைந்த சொல் என்பதால் முதலிலேயே ஒதுக்கியிருந்தேன். வாழைக்கறை, வெற்றிலைக்கறை என்று துணியோடு பழகிய சொல் வேறு. ஆனால் பழைய தமிழில் கறை என்றாலே கறுப்பு. புறநானூற்றின் கடவுள் வாழ்த்தில் வரும் ‘கறைமிடறு’ சிவனின் கறுத்த கழுத்து, அதை அணி என்றே பாடுகிறார்கள். அப்படியானால் கறுத்த வெள்ளிக்கும் அது பொருந்தும், கெட்ட பெயருக்கும் பொருந்தும்.

‘பதக்கத்தில் கறை ஏறியிருந்தது. பெயரிலும்’ என்று எழுதி அனுப்பினேன். பிழை பார்த்தவர் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்: “வெள்ளிக்குக் கறுப்பு இல்லையா?”