பிள்ளையின் நித்திரையை அளக்க எந்த வினாக்கொத்து?

வன்னியில் பாடசாலைப் பிள்ளைகளின் நித்திரைக் குறைபாடுகளைப் பெற்றோரிடம் கேட்டறிய முற்படுவோர் பெரும்பாலும் இரண்டு வினாக்கொத்துகளுக்கிடையே தெரிவுசெய்ய வேண்டியிருக்கும். அமெரிக்காவில் ஜூடித் ஓவன்ஸ் குழுவினர் 2000 இல் வெளியிட்டது 4 முதல் 10 வயது வரையானோருக்குரியது. அதில் புள்ளியிடப்படும் வினாக்கள் 33. இத்தாலியில் ஒலிவியரோ புரூனி குழுவினர் 1996 இல் வெளியிட்டது 26 வினாக்களுடன் ஏறத்தாழ ஆறரை வயதிலிருந்து பதினைந்து வரை செல்லும்.

அமெரிக்க வினாக்கொத்தில் ஒவ்வொரு விடைக்கும் 1 முதல் 3 வரை புள்ளி என்பதால், எக்குறையும் இல்லாத பிள்ளைக்கே 33 வந்துவிடும்; குறைபாடு இருக்கலாம் எனக் கொள்ளும் எல்லையான வெட்டுப்புள்ளியோ 41. கிளிநொச்சியில் ஓர் அறை வீட்டில் தாயோடும் அம்மம்மாவோடும் ஒரே பாயில் படுக்கும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். தன் படுக்கையில் தனியே உறங்குவதில்லை, பெற்றோரின் படுக்கையிலேயே உறங்குகிறது, உறங்கும்வரை அவர்கள் அருகில் இருக்க வேண்டும், தனியே படுக்க அஞ்சுகிறது என்ற நான்கு விடைகளும் 1 க்குப் பதில் 3 பெற்றுத் தலா 2 புள்ளிகளைக் கூட்ட, விடியும்வரை அயர்ந்து உறங்கும் அப்பிள்ளை சரியாக 41 இல் வந்து நிற்கும். வீட்டின் வழக்கத்தையே நோயாக எண்ணும் கணக்கு இது.

இத்தாலிய வினாக்கொத்து யாருடன் படுக்கிறது என்று கேட்பதில்லை. ஆனால் மிகுந்த வியர்வை பற்றி இரு வினாக்கள் உண்டு. சித்திரை வெக்கையில் தகரக் கூரையின்கீழ் யாருக்குத்தான் வியர்க்காது? எனினும் வியர்வை அதில் தனிப் பிரிவாக இருப்பதால், அப்புள்ளியை விலக்கிப் பார்ப்பது எளிது. அதன் உண்மையான பலவீனம் நினைவு சார்ந்தது: அது கடந்த ஆறு மாதங்களைக் கேட்கிறது, அமெரிக்கர்களுடையதோ அண்மையில் வழமைபோல் கழிந்த ஒரு வாரத்தை மட்டும் கேட்கிறது. வயல்வேலைக்கும் வீட்டுக்குமாக அலையும் தாய்க்கு ஒரு வாரத்தை நினைவுகூர்வதே இலகு.

குறட்டையும் மூச்சுத்தடையும் மட்டுமே கேள்வியாயின், ரொனால்ட் செர்வின் குழுவினரின் 22 வினாக்கள் கொண்ட குறும்படிவம் போதும்.

ஆறரை வயதைக் கடந்தோருக்கு இத்தாலிய வினாக்கொத்தையே நான் தெரிவுசெய்வேன். அதற்கு இளையோருக்கு அமெரிக்க வினாக்கொத்தைத் தவிர்க்க இயலாதெனில், 41 என்ற எல்லையை ஒதுக்கிவிட்டு, இரவில் விழித்தல், பகலில் தூங்கிவழிதல் போன்ற பிரிவுகளைத் தனித்தனியே வாசிக்க வேண்டும். எதுவாயினும், விடை சொல்பவர் பிள்ளையின் அருகில் படுப்பவராக இருத்தல் அவசியம். குறட்டையையும் நள்ளிரவு அலறலையும் பக்கத்து அறைப் பெற்றோரைவிட ஒரே பாயில் படுக்கும் தாயே நன்கறிவார். தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் வீடுகளில் படிவம் அம்மம்மாவிடமே செல்லட்டும்.