புது டிராக்கில் லேப் டைமர்: திரையை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்

இதுவரை ஓட்டாத டிராக்கில் ரேஸ் என்று முடிவானதும் பலர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, ஜிபிஎஸ் லேப் டைமர் (டிராக்கின் ஒரு சுற்றுக்கு, அதாவது ஒரு லேப்புக்கு, ஆகும் நேரத்தை அளக்கும் கருவி) வாங்கலாமா என்பதுதான். தாராளமாக வாங்கலாம். ஆனால் ஓட்டிக்கொண்டே நேரம் பார்ப்பதற்காக என்றால் வேண்டாம். புது டிராக்கில் அந்தக் கருவியின் திரை பெரும்பாலும் தொந்தரவுதான். உள்ளே பதிவாகும் தகவல்தான் அதன் மதிப்பு. நான் 400 சிசி இரட்டை சிலிண்டர் பைக்கில் ஓட்டுகிறேன். உள்ளங்கை அளவில் திரையும், மேலே வரிசையாக விளக்குகளும், உள்ளே 10 ஹெர்ட்ஸ் ஜிபிஎஸ்ஸும் உள்ள டைமர் என்னுடையது. இந்த வகையில் பல நிறுவனங்களின் கருவிகள் கிடைக்கின்றன. அடிப்படை வேலை எல்லாவற்றிலும் ஒன்றே என்பதால் பெயர் சொல்லாமல் வகையைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஹெர்ட்ஸ் கணக்கு. 10 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடியில் பத்து முறை இடத்தைக் குறித்துக்கொள்கிறது. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் பைக் நொடிக்கு 55 மீட்டருக்கு மேல் போய்விடும். ஆகவே ஒரு குறிப்புக்கும் அடுத்த குறிப்புக்கும் நடுவே ஐந்தரை மீட்டர். 25 ஹெர்ட்ஸ் கருவியில் இது இரண்டே கால் மீட்டருக்குள் அடங்கும். லேப் நேரத்துக்கு இது பெரிய விஷயமில்லை, இரண்டு புள்ளிகளுக்கு நடுவில், லேப் தொடங்கி முடியும் கோட்டைத் தாண்டிய கணத்தைக் கருவியே கணக்கிட்டுவிடும். எந்த இடத்தில் பிரேக் பிடித்தோம் என்று தேடும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டிராக்கின் வரைபடம் கருவியின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தாலும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரே டிராக்குக்கு நீளமான அமைப்பு, குட்டை அமைப்பு, எதிர்த்திசை அமைப்பு என்று பல இருக்கும். எனக்கு வந்த ஒரு கோப்பில் பழைய அமைப்புதான் இருந்தது. நடுவில் புதிதாகச் சேர்த்த சிக்கேன் (வேகத்தைக் குறைக்க வைக்கும் இடவல நெளிவு) அதில் இல்லை. செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு முறை ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். ரேஸ் அன்று காலையில் பிட்டில் (பைக்கைத் தயார்செய்யும் இடத்தில்) உட்கார்ந்து இதைச் சரிசெய்ய யாருக்கும் பொறுமை இருக்காது.

பட்டியலில் டிராக்கே இல்லையென்றால் கோட்டை நாமே குறிக்கலாம். எங்கே குறிப்பது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். ஜிபிஎஸ் ஒரு மீட்டர் தவறினால், மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் அது 0.02 நொடி பிழை. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் அதே ஒரு மீட்டர் 0.05 நொடி ஆகிவிடும். எனவே வேகமான, நேரான இடத்தில், தலைக்கு மேல் பாலமோ கூரையோ இல்லாத இடமாகப் பார்த்துக் கோட்டைப் போடுங்கள். உண்மையான ஸ்டார்ட் கோட்டிலேயே போட வேண்டும் என்று கட்டாயமில்லை. ரேஸில் அதிகாரபூர்வ நேரத்தைத் தருவது பைக்கில் மாட்டும் டிரான்ஸ்பாண்டர் என்ற சிக்னல் கருவிதான். நம் டைமர் நம் படிப்புக்கு மட்டும்.

அப்புறம், தொலைவான ஊரிலிருந்து கொண்டுவந்த கருவியை ஆன் செய்த உடனே டிராக்கில் இறங்காதீர்கள். ஒரு செயற்கைக்கோள் தன் துல்லியமான பாதைத் தகவலை 30 நொடிக்கு ஒரு முறை அனுப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களையும் பற்றிய முழு அட்டவணை வந்துசேர 12.5 நிமிடம் ஆகும். பைக்கை வெளியே திறந்த வானத்தின் கீழ் நிறுத்தி, டயர் வார்மர் சூடேறும் நேரத்தில் டைமரையும் ஆன் செய்து விட்டால் போதும். மாட்டும் இடமும் முக்கியம். டேங்க் மேல் ஆன்டெனாவை வைத்தால், நேர் பாதையில் நீங்கள் குனிந்து படுத்ததும் உங்கள் நெஞ்சே அதை மறைத்துவிடும். கார்பன் ஃபைபர் உறைக்கு அடியில் வைத்தாலும் சிக்னல் செத்துவிடும். என் பைக்கில் வால் பகுதியின் மேல், ரப்பர் மெத்தை வைத்து மாட்டியிருக்கிறேன்.

இனி திரை. இந்தக் கருவிகளின் விளம்பரமே அதன் நேரடி ஒப்பீட்டை வைத்துத்தான். உங்களுடைய சிறந்த லேப்பை விட இப்போது முந்துகிறீர்களா, பின்தங்குகிறீர்களா என்று பச்சை சிவப்பு விளக்கில் காட்டும். பழகிய டிராக்கில் இது அருமையான வசதி, நானும் விரும்பிப் பயன்படுத்துகிறேன். புது டிராக்கின் முதல் செஷன்களில் (டிராக்கில் ஓட்டக் கிடைக்கும் நேரப் பகுதிகளில்) மட்டும் நான் அதை அணைத்துவிடுகிறேன். அந்த நேரத்தில் கண்ணுக்கு ஏகப்பட்ட வேலை இருக்கிறது. கொடிக் காவலர்கள் எங்கே நிற்கிறார்கள், பிரேக் பலகைகள் எந்தப் பக்கம், எந்த மரத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும், தப்பிப் போனால் ஓடிப்போக எங்கே இடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டியவை அத்தனை. அதோடு, ஒப்பிடும் லேப்பே தப்பும் தவறுமாக ஓட்டிய லேப்தான். அதைவிட அரை நொடி முந்தினோம் என்று பச்சை விளக்கு எரிவதில் என்ன பயன்? விளக்கைத் துரத்த ஆரம்பித்தால், இன்னும் மனப்பாடம் ஆகாத வளைவில் பிரேக்கைத் தள்ளிப் போடத் தோன்றும். அது ஆபத்து. ஆகவே ஆரம்பத்தில் பதிவு மட்டும் ஓடட்டும். பிட்டுக்கு வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி, தண்ணீர் குடித்துவிட்டு அந்தப் பதிவைத் திறங்கள்.

திறந்ததும் பார்க்க வேண்டியது வேகக் கோடு, அதாவது எந்த இடத்தில் எவ்வளவு வேகம் என்று காட்டும் கோடு. கீழ் அச்சை நேரத்தில் வைக்காமல் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் இரண்டு லேப்களின் ஒரே வளைவு ஒன்றின்மேல் ஒன்றாக விழும். ஒரு உதாரணம் சொல்கிறேன். மேட்டைத் தாண்டியதும் வரும் ஒரு வலது வளைவு. மேட்டுக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் உள்ளே எதுவுமே தெரியாது. என் கோட்டில் வளைவின் நடுப்புள்ளிக்கு 210 மீட்டர் முன்பே த்ராட்டில் மூடப்பட்டிருந்தது. பிரேக் இல்லாமல் வேகம் 168-லிருந்து 150-க்கு மெதுவாகச் சரிகிறது, அதற்கப்புறம்தான் பிரேக். நடுப்புள்ளியில் 71 கி.மீ. அந்த மெதுவான சரிவுதான் கவனிக்க வேண்டிய இடம். கையும் காலும் எதுவும் செய்யாமல் பைக் சும்மா உருண்டுபோகும் தூரம் அது. தெரியாத டிராக்கில் கண் மறையும் ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் இந்தச் சரிவு விழுந்திருக்கும். ஓட்டும்போது நமக்கு அது தெரியவே தெரியாது, கடைசி வரை அழுத்திப் பிடித்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருப்போம்.

அதே பிரிவில் ஓட்டும், அந்த டிராக்கை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் போய், “அண்ணா, உங்க ஃபைல் ஒண்ணு கிடைக்குமா, பார்த்துட்டுத் தந்துடறேன்” என்று கேட்டேன். மறுக்காமல் கொடுத்தார். அவர் கோடு நடுப்புள்ளிக்கு 140 மீட்டர் முன்பு வரை ஏறிக்கொண்டே போய் 172-ஐத் தொட்டு, அங்கிருந்து சட்டென்று செங்குத்தாக இறங்குகிறது. நடுப்புள்ளியில் 79. இதைப் பார்த்ததும் அவர் பிரேக் பிடிக்கும் இடத்தில் நானும் பிடிக்கிறேன் என்று கிளம்புவது பெரிய முட்டாள்தனம் ஆகிவிடும். அவருக்கு மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று உடம்புக்கே தெரியும். நான் அடுத்த செஷனில் த்ராட்டில் மூடும் இடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மூடிய உடனே பிரேக்கைத் தொட்டேன். வேகம் சீக்கிரமே குறைந்ததால் வளைவைப் பார்க்க நேரம் கிடைத்தது. பிறகு அந்த மொத்தப் பகுதியையும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தினேன். இந்த முறையை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கோட்டில் இருந்த ஒரு சிறு சரிவுதான். எந்தப் பயிற்சியாளரும் டிராக் ஓரத்தில் நின்று இவ்வளவு துல்லியமாகப் பார்த்திருக்க முடியாது.

கருவி தரும் இன்னொரு எண்ணை அளவோடுதான் நம்புவேன். ஒவ்வொரு செக்டரிலும் (லேப்பைப் பிரித்த துண்டுகள்) நாம் ஓட்டிய சிறந்த நேரங்களைக் கூட்டி, ‘இதுதான் உங்களால் முடிந்த லேப்’ என்று ஒரு நேரம் காட்டும். ஆசை காட்டும் எண் அது. முதல் செக்டரின் முடிவில் பிரேக்கை ரொம்பத் தள்ளிப் போட்டால் அந்தச் செக்டர் நேரம் அபாரமாக இருக்கும், ஆனால் வளைவிலிருந்து அகலமாக வெளியேறி அடுத்த நேர் பாதை முழுவதும் நஷ்டம். இரண்டு சிறந்த நேரங்களும் ஒரே லேப்பில் சேராது. செக்டர் எல்லையை வளைவின் நடுவில் போட்டால் இந்தப் பொய் இன்னும் பெரிதாகும். கருவியே தானாகப் பிரித்துத் தரும் செக்டர்களில் இந்தக் குறை அடிக்கடி இருக்கிறது. எல்லைகளை நேர் பாதைகளின் நடுவுக்கு நகர்த்துங்கள், ஐந்து நிமிட வேலை.

எனக்கு எதிர்பாராமல் கிடைத்த பெரிய பயன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்) விஷயத்தில். புது டிராக்குக்குப் பல் கணக்கை ஊகித்துத்தான் போவோம். நேர் பாதையின் கடைசியில் வேகக் கோடு மொட்டையாகி, தட்டையாக ஓடினால் எஞ்சின் லிமிட்டரில் (சுழலும் வேகத்துக்கு எல்லை போடும் அமைப்பு) முட்டுகிறது என்று அர்த்தம். கடைசி வரை ஏறிக்கொண்டே இருந்து, டாப் கியரில் பவர் உச்சத்தைத் தொடாமலே பிரேக் வந்துவிட்டால் பின்னால் ஒரு பல் கூட்டலாம். முன்னால் 15, பின்னால் 45 என்றால் விகிதம் 3. பின்னால் 46 போட்டால் இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் மாறும். முன்னால் 14 போட்டால் ஏழு சதவீதம், அதாவது பின்னால் மூன்று பல்லுக்குச் சமம். ஆகவே முன்பல்லில் கை வைப்பதற்கு முன் இந்தக் கோட்டை ஒரு முறை பாருங்கள்.

சரி, டைமர் எதைச் சொல்லாது? ஏற்ற இறக்கத்தைச் சொல்லாது. ஜிபிஎஸ்ஸுக்கு உயரக் கணக்கு எப்போதுமே பலவீனம். டெக்சாஸில் உள்ள கோட்டா டிராக்கின் முதல் வளைவு சுமார் 40 மீட்டர் ஏற்றத்தின் உச்சியில் இருக்கிறது. வேகக் கோட்டில் அது வெறும் வேகக் குறைவாகத்தான் தெரியும். ஆன்போர்டு வீடியோவும் இதில் ஏமாற்றும், கேமராவின் அகன்ற லென்ஸ் மேட்டைத் தட்டையாக்கிவிடும். அதே கோட்டாவில்தான் 2013 ஏப்ரலில் மோட்டோஜிபி என்ற உலக பைக் ரேஸ் முதன்முதலாக நடந்தது. பெரிய பிரிவில் தன் இரண்டாவது ரேஸை ஓட்டிய 20 வயது மார்க் மார்க்கெஸ் போல் பொசிஷனையும் (ரேஸில் முதல் இடத்திலிருந்து கிளம்பும் உரிமை) வெற்றியையும் எடுத்தார், அந்தப் பிரிவின் மிக இளைய வெற்றியாளர் ஆனார். ஹோண்டாவும் யமஹாவும் அதற்கு முந்தைய மாதமே அங்கே போய் டெஸ்ட் ஓட்டியிருந்தன என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

தார் எப்படி இருக்கிறது என்பதையும் டைமர் சொல்லாது. அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் பிலிப் ஐலண்டில் நடந்தது இதற்கு உதாரணம். எல்லோரும் பலமுறை ஓட்டிய டிராக், ஆனால் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். டயர்கள் தாங்கவில்லை. ரேஸை 19 லேப்பாகக் குறைத்து, எந்த டயரும் பத்து லேப்புக்கு மேல் ஓடக்கூடாது, நடுவில் கட்டாயம் பைக் மாற்ற வேண்டும் என்று விதி போட்டார்கள். ஒரு லேப் தாமதமாகப் பிட்டுக்கு வந்த மார்க்கெஸுக்குக் கறுப்புக் கொடி காட்டி வெளியேற்றினார்கள். உலகத்தின் சிறந்த டேட்டா எஞ்சினியர்கள் கையில் இருந்தும், தார் முந்திக்கொண்டது. நமக்கு இதில் கிடைப்பது எளிய வேலை. முந்தின நாள் மாலை டிராக்கை நடந்து பாருங்கள். ஒட்டுப்போட்ட இடங்கள், ஓட்டும் லைனுக்கு வெளியே சேர்ந்த மணல், கெர்பின் (டிராக் ஓர விளிம்பு) உயரம், தண்ணீர் ஓடிய தடம் எல்லாவற்றையும் ஷூவின் அடியால் தேய்த்துப் பாருங்கள். நான் நடக்கும்போதே வரைபடத்தில் வளைவு எண்களுக்குப் பக்கத்தில் இதையெல்லாம் குறித்துவைத்து, பிறகு வேகக் கோட்டோடு சேர்த்துப் படிக்கிறேன். கோட்டில் ஒரு இடத்தில் தயக்கம் தெரிந்தால் அது பயமா, மேடா, தாரா என்று அந்தக் குறிப்புதான் சொல்லும்.

கருவியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கையுறையோடு பொத்தான்களை அழுத்துவது கொடுமை. உச்சி வெயிலில் திரை மங்கிவிடுகிறது. செல்போன் செயலிக்குப் பதிவை அனுப்ப, செஷனுக்கு செஷன் கிடைக்கும் இடைவெளியில் பாதி போய்விடுகிறது. கேபிளில் மடிக்கணினிக்கு எடுப்பது வேகமாக இருக்கிறது, நான் அதற்கே மாறிவிட்டேன். சில போட்டிகளில் வெளிக் கருவிகளுக்குத் தடையும் இருக்கலாம், எனவே மாட்டுவதற்கு முன் அந்தப் போட்டியின் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

எதை வாங்குவது என்றால், திரையே இல்லாமல் பதிவு மட்டும் செய்யும் 25 ஹெர்ட்ஸ் லாகருக்கும், அழகான திரை உள்ள 10 ஹெர்ட்ஸ் டைமருக்கும் இடையே தேர்வு வந்தால், புது டிராக்குகளுக்கு அடிக்கடி போகிறவர் லாகரையே எடுக்கட்டும். ஒரே டிராக்கில் சீசன் முழுவதும் ஓட்டுகிறவருக்குத் திரை உள்ளது நல்லது. ஏற்கெனவே 10 ஹெர்ட்ஸ் வைத்திருப்பவர் அதை விற்றுவிட்டு மாற வேண்டிய அவசியம் இல்லை. ஐந்தரை மீட்டர் இடைவெளியிலும் அந்தச் சரிவு தெளிவாகத் தெரிகிறது.