தனியா கோர்ட்டுக்குப் போறதா, லாயர் வைக்கிறதா?

சிங்கப்பூர்ல குடிச்சிட்டு வண்டி ஓட்டி மாட்டினா, 100 மில்லி மூச்சுல ஆல்கஹால் 35 மைக்ரோகிராம் தாண்டினாலே குத்தம்தான், முதல் தடவைக்கே 2,000லேர்ந்து 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம், லைசென்ஸும் குறைஞ்சது 2 வருஷம் போயிடும், லாயர் வச்சாலும் அந்த 2 வருஷம் லேசுல குறையாது. ரீடிங் கொஞ்சம்தான் கூட, யாருக்கும் அடிபடல, ஒத்துக்கவும் போறீங்கன்னா தனியாப் போங்க, காசு மிச்சம்.

ஆனா வண்டியை இடிச்சிருந்தாலோ, ரெண்டாவது தடவைன்னாலோ (ஜெயில் கட்டாயம்ங்க) லாயர் கண்டிப்பா வேணும். எங்க மச்சானோட லாயர் சார்ஜ் ஷீட்டை வரிவரியா அடிக்கோடு போட்டுப் படிச்சு, பிராசிகியூஷனுக்கு (அரசுத் தரப்புக்கு) லெட்டர் எழுதினாரு, அன்னிக்கு மச்சான் கை நடுங்கி நின்னப்போ வீட்டு நிலைமையை ஜட்ஜ்கிட்ட நிதானமா எடுத்துச் சொன்னதும் அவருதான்.