கோவா கேசினோவில் மூன்று சீட்டு போக்கர் ஆடப் போகிறவர்கள் கவனத்துக்கு

விடுமுறைக்கு கோவா போகிறவர்களில் பலர், பனாஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல் ஒன்றில் ஒரு ராத்திரியாவது ஏறிப் பார்த்துவிடுகிறார்கள். அங்கே 'த்ரீ கார்டு போக்கர்' மேசையில் எனக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டு ஏறுங்கள்.

ஆட்டம் சுலபம். போட்டி டீலரோடு, அதாவது கேசினோ சார்பில் சீட்டு போடுபவரோடு, மட்டும்தான். 'ஆன்ட்டே' கட்டத்தில் பணம் வைத்தால் நமக்கு மூன்று சீட்டு, டீலருக்கு மூன்று. சீட்டு சரியில்லை என்றால் வைத்ததை விட்டுவிட வேண்டும். ஆடுவதென்றால் அதே அளவு இன்னொரு பந்தயம். டீலருக்கு ராணியோ அதற்கு மேலோ வராவிட்டால் ஆன்ட்டேவுக்கு மட்டும் ஒன்றுக்கு ஒன்று தருவார்கள், இரண்டாவது பந்தயம் அப்படியே திரும்பி வரும். ராணி-6-4க்குக் கீழே வந்தால் விட்டுவிடுவதுதான் கணக்குப்படி சரி.

வில்லங்கம் பக்கத்தில் இருக்கும் 'பேர் பிளஸ்' கட்டத்தில். டீலர் சீட்டு எதுவானாலும், நம் கையில் ஜோடியோ அதற்கு மேலோ வந்தால் பணம். மேசைத் துணியில் ஃப்ளஷுக்கு (மூன்று சீட்டும் ஒரே இனமாக வருவது) ஒன்றுக்கு நான்கு என்று பெரிதாக அச்சடித்திருந்தது. 500 ரூபாய் வைத்தேன். ராஜா, 9, 4, மூன்றும் ஆர்ட்டின். டீலர் 1,500 ரூபாய்க்கு மட்டும் சிப்ஸ் (பணத்துக்குப் பதிலான வில்லைகள்) தள்ளினார். துணியைக் காட்டிக் கேட்டேன். சிப்ஸ் தட்டுக்குப் பின்னால், எங்கள் கண்ணுக்கே படாதபடி சாய்த்து வைத்திருந்த சின்ன அட்டையை எடுத்து நீட்டினார்: ஒன்றுக்கு மூன்று. சூப்பர்வைசர் வருவதற்குள் என் சீட்டெல்லாம் கலக்கும் மிஷினுக்குள் போய்விட்டது. "இன்னைக்கு இந்த டேபிளுக்கு இதுதான் ரேட் சார்" என்றார் சூப்பர்வைசர். அப்படியானால் அந்தத் துணி எதற்கு?

நஷ்டம் அந்த ஒரு கையோடு முடிவதில்லை. 52 சீட்டில் மூன்று வரக்கூடிய வழிகள் 22,100. அதில் 1,096 ஃப்ளஷ். கிட்டத்தட்ட 20 கைக்கு ஒன்று. அந்த நான்கை மூன்றாக்கினால் போதும், பேர் பிளஸில் கேசினோவுக்குப் போகும் பங்கு 2.3 சதவீதத்திலிருந்து 7.3 ஆகிவிடுகிறது. விடிய விடிய ஆடுகிறவர்களிடம் இப்படிப் பிடுங்குவது அநியாயம்.

உட்காரும் முன்பே "ஃப்ளஷுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். மூன்று என்றால் அந்தக் கட்டத்தில் பைசா வைக்காதீர்கள். பணம் குறைந்தால், வாதாடுவதற்கு முன்னால் "சீட்டை எடுக்காதீங்க, கேமராவைப் பாருங்க" என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், டிக்கெட்டோடு கிடைத்த இலவச சிப்ஸையும் கவுன்ட்டரில் பணமாக மாற்றித் தரவில்லை. மாற்றலாம் என்றுதான் கரையில் ஏஜென்ட் சொல்லி விற்றார்.