ஏசி ரூமில் கருத்த கண்ணாடி வெயிலில் கருக்கலை – 9,800 ரூபாய் போச்சு

9,800 ரூபாய். பிரேம் இல்லாம வெறும் லென்ஸுக்கு மட்டும். ஊருக்கு ஊர் கிளை வச்சிருக்கிற பெரிய கண்ணாடிக் கடை, பேர் வேண்டாம். வெயில்ல தானா கருக்குற பவர் கண்ணாடி வாங்க நினைக்கிறவங்க கார்டை நீட்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுட்டுப் போங்க. எப்படிப் பார்த்து வாங்கணும்னு கடைசியில சொல்றேன்.

விழுந்த இடம் அந்த டார்ச். கவுண்டர்ல இருக்கிற பையன் புற ஊதா ஒளி அடிக்கிற ஒரு டார்ச்சை எடுத்து சாம்பிள் லென்ஸ்ல ஒட்டிப் பிடிச்சான். பத்தே செகண்ட், மை கொட்டின மாதிரி கருப்பு வட்டம். "பாத்தீங்களா சார், லேட்டஸ்ட் ஜெனரேஷன், கோட்டிங் டைப்." கோட்டிங் டைப்னா கருக்குற சாயத்தை லென்ஸ் மேல பூசினது. அவ்வளவுதான், 9,800-ஐ தேய்ச்சுட்டேன்.

அந்த வித்தையில டார்ச் பாதிதான், மீதி ஏசி. பிளாஸ்டிக் லென்ஸ்ல இருக்கிறது நாப்தோபைரான் மாதிரியான சாயங்கள். புற ஊதா பட்டா மூலக்கூறுல ஒரு கார்பன்-ஆக்ஸிஜன் பிணைப்பு அறுந்து வளையம் திறந்துக்கும். திறந்த வடிவம் வெளிச்சத்தை உறிஞ்சும், அதுதான் நாம பார்க்கிற கருப்பு. திறந்ததை சூடு திரும்ப மூடிக்கிட்டே இருக்கும். 22 டிகிரி ஷோரூம்ல மூடுற வேகம் கம்மி, கருப்பு நல்லா ஏறும். 38 டிகிரி மொட்டை மாடியில வெயில் எவ்வளவு அடிச்சாலும், திறக்கிற வேகத்துக்கு மூடுறதும் நடக்கும், பாதிக் கருப்போட நின்னுடும். ஒரே கண்ணாடி கொடைக்கானல்ல கருகருன்னும் சென்னையில சுமாராவும் தெரியறது இதனாலதான். கண்ணாடி லென்ஸுக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 8980-3-ல முக்கிய அளவீடே 23 டிகிரியில 15 நிமிஷம் ஒளி காட்டி எடுக்கிறதுதான். நம்ம ஊர் வெயிலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். படிச்சது கெமிஸ்ட்ரி. டார்ச்சைப் பார்த்ததும் ஒன்னும் ஞாபகத்துக்கு வரலை, வெட்கக்கேடு.

சரி, சூட்டுல கொஞ்சம் வெளுக்கும், அதை ஏத்துக்கறேன். ஆனா எனக்கு வந்தது வேற சரக்கு. பவர் மைனஸ் 5.5. மாடியில ரெண்டு நிமிஷம் நின்னுட்டுக் கழட்டிப் பார்த்தா ஓரம் காப்பிக் கலர், நடுவுல வெளிறிப்போய் ஒரு வட்டம். மைனஸ் லென்ஸ் நடுவுல ஒன்றரை மில்லிமீட்டர்தான், ஓரத்துல கிட்டத்தட்ட ஐந்து. சாயத்தைப் பிளாஸ்டிக்கோடவே கலந்து வார்த்திருந்தா தடிமன் இருக்கிற இடத்துல கருப்பு கூடித் தெரியும். இது 1960-கள்ல கார்னிங் கம்பெனி கொண்டுவந்த வெள்ளி ஹாலைடு கண்ணாடி (வெள்ளி உப்பைக் கண்ணாடியோட கலந்து கருக்க வச்சது) காலத்துலேருந்து இருக்கிற பழைய குறை. முன்பக்கத்துல மட்டும் சாயத்தை ஒரே சீரா பூசுற கோட்டிங் டைப்ல இந்தக் குறை வராது. அதுக்காகத்தானே கூடுதல் காசு!

சந்தேகம் தீர ஸ்க்ரூவைக் கழட்டி லென்ஸை வெளிய எடுத்தேன். வெட்டின விளிம்பு வெயிலைப் பார்க்கிற மாதிரி பிடிச்சேன். கோட்டிங் டைப்னா முன்பக்கம் முடி மாதிரி ஒரு கருங்கோடு, மீதி உடம்பு தெளிவா இருக்கணும். எனக்கு முழு விளிம்பும் பழுப்பு. வார்த்த சரக்கேதான். கோட்டிங் டைப்பை விட ரொம்ப மலிவு. அதுக்கு 9,800!

கடைக்குப் போனேன். முதல் பதில், "ஒரு வாரம் வெயில்ல போடுங்க சார், செட் ஆகும்." செட் ஆகாது. இந்தச் சாயத்துக்குப் பழக்கம்னு ஒன்னு கிடையாது. வெயில் பட்டுப் பட்டுத் தேயத்தான் செய்யும், ரெண்டு மூணு வருஷத்துல மந்தமாகி மஞ்சள் ஏறும். அடுத்த பதில், "கார்ல கருக்காது சார்." உண்மைதான். முன் கண்ணாடிக்கு நடுவுல இருக்கிற பிளாஸ்டிக் படலம் புற ஊதாவைத் தடுத்துடும். நான் நின்னது மாடியில, என்கிட்ட கார் இல்லை. அப்புறம் மேனேஜர் வந்தார். "சென்னை ஹீட்டுக்கு அப்படித்தான்." இதுதான் எனக்கு அதிகம் எரிஞ்சது. பொய்யா இருந்தா சண்டை போடலாம். பாதி உண்மையை எடுத்து முழு மோசடிக்குப் போர்வையா போத்தறாங்க. ஹீட்டுக்கு முழு லென்ஸும் வெளுக்கணும், நடு மட்டும் எப்படி வெளுக்கும்னு கேட்டேன். "பவர் போட்ட லென்ஸ், ரிட்டர்ன் இல்லை"ன்னு பில்லைத் திருப்பி அடியில இருக்கிற பொடி எழுத்தைக் காட்டினார். முன்பக்கத்துல "போட்டோ பிரவுன்" மட்டும்தான், அதாவது வெயில்ல பழுப்பா கருக்குற லென்ஸ்னு பொதுவா. கம்பெனி பேர் இல்லை, கோட்டிங்னு ஒரு வார்த்தை இல்லை. லென்ஸ் வந்த கவரைக் கேட்டேன், லேப்ல தூக்கிப் போட்டுட்டாங்களாம்.

கஸ்டமர் கேர்ல 24 மணி நேரத்துல கூப்பிடுவோம்னாங்க. கூப்பிடலை. புகார் மட்டும் "தீர்க்கப்பட்டது"ன்னு மூடிடும். திறந்தேன், மூடினாங்க. திரும்பத் திறந்தேன், திரும்ப மூடினாங்க.

எப்படிப் பார்த்து வாங்கறதுன்னு விரிவா எழுத உட்கார்ந்தேன், கோபத்துல கை ஓடலை. முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன்.

டார்ச்சை நம்பாதீங்க. அதைக் கண்ணுக்கு நேராவும் பிடிக்காதீங்க. பில்லுல லென்ஸ் கம்பெனி, இன்டெக்ஸ் (லென்ஸ் பிளாஸ்டிக் ஒளியை எவ்வளவு வளைக்கும்ங்கிற எண்), கோட்டிங்கா வார்த்ததான்னு எழுதச் சொல்லுங்க. எழுத மாட்டேன்னா எழுந்து வந்துடுங்க. லென்ஸை வெட்டி பிரேம்ல போடறதுக்கு முன்னாடி பிரிக்காத கவரோட காட்டச் சொல்லுங்க, கவரையும் கேட்டு வாங்குங்க.

கைக்கு வந்த அன்னிக்கே பாதி லென்ஸைக் கருப்புப் பேப்பரால மூடி ரெண்டு நிமிஷம் மத்தியான வெயில்ல வைங்க. பேப்பரை எடுத்தா கத்தியால வெட்டின மாதிரி கோடு தெரியணும். "ஹீட்"னு சொன்னா, துணியில சுத்தி பத்து நிமிஷம் பிரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீசர்ல இல்லை. ஈரத்தைத் துடைச்சுட்டு உடனே வெயில்ல காட்டுங்க. குளிர்ந்த லென்ஸும் கருக்கலைன்னா பழி வெயில் மேல இல்லை, சாயத்து மேலதான். போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

நுகர்வோர் உதவி எண் 1915. நான் பதிவு பண்ணிட்டேன். இதை டைப் பண்ணிட்டு இருக்கும்போதே கடையிலேருந்து மெசேஜ்: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." மூணாவது தடவை. 9,800 இன்னும் அவங்ககிட்டதான் இருக்கு.